17.6 மாதச் சம்பளம்

வங்கதேசத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போன ஒருவர் அந்த வேலையைப் பெறுவதற்குச் சராசரியாக 4,16,789 டாக்கா செலவிட்டார். போன இடத்தில் அவருடைய சராசரி மாத வருமானம் 23,693 டாக்கா. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 17.6 வருகிறது. 2015 முதல் 2018 வரை புறப்பட்டுப் போனவர்களிடம் கேட்டு வங்கதேசப் புள்ளியியல் நிறுவனம் தன் 2020-ஆம் ஆண்டு ஆய்வில் தந்த கணக்கு இது. சாப்பாட்டுக்குக்கூட ஒரு டாக்கா எடுக்காமல் உழைத்தாலும், முதல் 17.6 மாதச் சம்பளம் வேலையைப் பெற ஆன செலவுக்கே போய்விடும். ஆண்களை மட்டும் எடுத்தால் செலவு 4,71,668 டாக்கா, அதாவது 19.1 மாதம். பெண்களுக்கு 1,00,964 டாக்கா, 5.6 மாதம்.

மலேசியாவுக்குப் போனவர்களின் சராசரிச் செலவு 4,04,448 டாக்கா. 2017-ல் வங்கதேச அரசு மலேசியாவுக்கு வைத்த உச்சவரம்பு 1,60,000 டாக்கா. உண்மைச் செலவு வரம்பைப்போல் 2.5 மடங்கு. 2022-ல் அந்த வரம்பு 78,990 டாக்காவாகக் குறைக்கப்பட்டது. 2024 மே 31-ஆம் தேதி மலேசியா வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் தன் கதவை மூடியபோது, அனுமதி கையில் இருந்தும் விமானம் ஏற முடியாமல் நின்ற வங்கதேசத்தவர்கள் ஏறத்தாழ 17,000 பேர். ஒவ்வொருவரும் அரசு சொன்ன தொகையை மட்டுமே கட்டியிருந்தார்கள் என்று மிகக் குறைவாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 134 கோடி டாக்கா. ஒரு நாள் வேலைகூடச் செய்யாமல் அவர்கள் தலையில் ஏறிய தொகை அது.

ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கணக்குப் புத்தகத்தில் ரப்பர் பாலுக்கு ஒரு பத்தி உண்டு. மின்சாரத்துக்கு, கப்பல் கூலிக்கு, அட்டைப் பெட்டிக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. தொழிலாளி வந்து சேர்ந்த செலவுக்குப் பத்தி இருக்காது. அதைத் தொழிலாளியே கொடுத்துவிட்டார். நிறுவனங்கள் நவீன அடிமைமுறையைத் தடுப்பதாகச் சொல்லும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு பத்தியைத்தான்.

உலக அளவு எவ்வளவு? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளிகளும் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-ல் நவீன அடிமை நிலையில் இருந்தவர்கள் 4.96 கோடி பேர். அதில் கட்டாயத் திருமணம் 2.2 கோடி, கட்டாய உழைப்பு 2.76 கோடி. 2016-க்கான மதிப்பீட்டில் கட்டாய உழைப்பு 2.49 கோடி. ஐந்து ஆண்டில் 27 லட்சம் கூடியிருக்கிறது, 11 விழுக்காடு. இந்த 2.76 கோடியில் பாலியல் சுரண்டலும் அரசுகள் திணிக்கும் உழைப்பும் போக, தனியார் தொழில்களில் சிக்கியவர்கள் 1.73 கோடி. நிறுவனங்களின் வழங்கல் சங்கிலி தொடும் பகுதி பெரும்பாலும் இது.

இந்த 1.73 கோடிப் பேரில் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 3,687 டாலர் சட்டவிரோத ஆதாயம் எடுக்கப்படுவதாக அதே அமைப்பின் 2024 அறிக்கை கணக்கிடுகிறது. நாளுக்கு 10 டாலர். தடுப்பதற்கு ஆகும் செலவை இந்த 10 டாலரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பொதுவெளியில் கணக்கு கிடைக்கும் ஒரு தொழில் தேவை. மலேசியாவின் ரப்பர் கையுறைத் தொழில் அப்படி ஒன்று.

2020 ஜூலை 15-ஆம் தேதி அமெரிக்கச் சுங்கத்துறை, உலகின் மிகப் பெரிய கையுறை உற்பத்தியாளரான டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை நிறுத்தியது. சொன்ன காரணங்கள்: கடன் பிணைப்பு, அளவுமீறிய ஓவர்டைம், அடையாள ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ளுதல், மோசமான வேலை மற்றும் குடியிருப்பு நிலைமைகள். 2021 மார்ச்சில் அது பறிமுதல் ஆணையாக மாறியது. 2021 செப்டம்பர் 10-ல் தடை விலக்கப்பட்டது. இடைப்பட்டது 422 நாள். இந்தக் காலத்தில் நிறுவனம் வெளியிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனத்தை அமர்த்தி, ஆள்சேர்ப்புக்காகத் தொழிலாளர்கள் கொடுத்திருந்த பணத்தைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்தது. முதலில் அறிவித்த தொகை ஏறத்தாழ 5.3 கோடி ரிங்கிட். பிறகு 13.6 கோடி ரிங்கிட். தொகை 2.6 மடங்கானது.

இந்த 13.6 கோடியைப் பெற்றவர்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். பத்தாயிரம் என்றே வைத்தால் தலைக்கு 13,600 ரிங்கிட். அப்போது மலேசிய நகரங்களில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,200 ரிங்கிட். ஆக 11.3 மாதச் சம்பளம். வங்கதேச ஆய்வு சொன்ன 17.6 மாதத்தைவிட இது குறைவு. டாப் குளோவில் நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். 13,600 ரிங்கிட் என்பது ஒரு டாலருக்கு 4.15 ரிங்கிட் வீதம் 3,277 டாலர். மூன்று ஆண்டு வேலைக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 1,092 டாலர், நாளுக்கு 3 டாலர். சுரண்டலின் ஆதாயம் 10 டாலர் என்ற உலகச் சராசரிக்குப் பக்கத்தில் தடுப்பின் விலை 3 டாலர்.

இனி கையுறைக்கு வருவோம். அந்த நிறுவனத்தின் ஆண்டுத் திறன் அப்போது சுமார் 9,000 கோடிக் கையுறைகள். 13.6 கோடி ரிங்கிட்டை அதில் பங்கிட்டால் 1,000 கையுறைக்கு 1.51 ரிங்கிட், அதாவது 36 அமெரிக்க சென்ட். தொற்றுக்காலத்துக்கு முன் 1,000 கையுறையின் விலை ஏறத்தாழ 20 முதல் 25 டாலர். 20 டாலரில் 36 சென்ட் என்பது 1.8 விழுக்காடு. அதுவும் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாக்கியை ஒரே ஆண்டின் உற்பத்தி மீது ஏற்றினால்தான். மூன்று ஆண்டில் ஒருமுறை ஆள் எடுக்கும் செலவாகப் பரப்பினால் 0.6 விழுக்காடு. தொற்றின் உச்சத்தில் கணக்கு இன்னும் சுருங்குகிறது: 2021 மே மாதம் கிளீவ்லேண்டில் அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த 39.7 லட்சம் கையுறைகளின் மதிப்பு 5,18,000 டாலர். 1,000 கையுறைக்கு 130 டாலர். அதில் 36 சென்ட் என்பது 0.28 விழுக்காடு.

லாபத்தோடு ஒப்பிடும்போது ஆண்டைச் சொல்லாமல் எதுவும் சொல்லக் கூடாது. 2021 நிதியாண்டில் நிறுவனத்தின் நிகர லாபம் 700 கோடி ரிங்கிட்டுக்கு மேல். 13.6 கோடி அதில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் 2019 நிதியாண்டில் லாபம் ஏறத்தாழ 37 கோடி ரிங்கிட்தான். அந்த ஆண்டில் கொடுத்திருந்தால் லாபத்தில் 37 விழுக்காடு போயிருக்கும். சாதாரண ஆண்டுகளில் நிறுவனங்கள் தாமாக முன்வராததற்கு இந்த 37 விழுக்காடு ஒரு விளக்கம். நியாயம் என்று நான் சொல்லவில்லை. அந்த 37 கோடி லாபத்தில் ஒரு பகுதி, தொழிலாளி ஊரில் வாங்கிய கடனிலிருந்து வந்தது என்றும் அதே எண் சொல்கிறது.

வேறு இரண்டு மலேசிய நிறுவனங்களின் சரக்குக்கும் 2020-ல் அமெரிக்கா தடை விதித்தது. இரண்டும் பாமாயில் தொழில். எஃப்ஜிவி சுமார் 11.2 கோடி ரிங்கிட்டும், சைம் டார்பி பிளாண்டேஷன் சுமார் 8.2 கோடி ரிங்கிட்டும் ஆள்சேர்ப்புப் பணத்தைத் திருப்பித் தர ஒதுக்கின. மூன்றையும் கூட்டினால் 33 கோடி ரிங்கிட். இவை மூன்றும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டு, தணிக்கை அறிக்கைகள் வெளியிட்டு வந்த நிறுவனங்கள். 33 கோடியும் அமெரிக்கத் தடை வந்த பிறகே கணக்கில் ஏறியது.

கடன் ஒருவரை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்காக 1,50,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்குகிறார். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய். முதல் மாத வட்டி 4,500 ரூபாய். அவரால் மாதம் 15,000 ரூபாய் அனுப்ப முடிந்தால் 12 மாதத்தில் கடன் ஏறக்குறையத் தீரும். மொத்தம் கட்டியது 1,81,000 ரூபாய். ஓவர்டைம் குறைந்து 10,000 ரூபாய்தான் அனுப்ப முடிந்தது என்றால் 20 மாதம், 2,02,000 ரூபாய். 5,000 ரூபாய் என்றால் 78 மாதம், 3,90,000 ரூபாய். ஆறரை ஆண்டு. அவர் கையில் உள்ள வேலை ஒப்பந்தம் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. 4,500 ரூபாய் என்றால் கடன் ஒருபோதும் தீராது.

அனுப்பும் தொகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் கடன் காலம் மூன்று மடங்கு ஆவதில்லை, ஆறரை மடங்கு ஆகிறது. ஓவர்டைமோடு சேர்த்து 12 மணி நேர வேலைக்கு ஒருவர் கையெழுத்துப் போடுவதை ஆய்வாளர் 'விருப்பத்தின் பேரில்' என்று குறித்துக்கொள்கிறார். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் இருப்பது இந்த ஆறரை மடங்கு. வாசலில் பூட்டு தேவையில்லை. வேலையை விட்டால் ஊரில் வட்டி ஓடும் என்பதே போதும்.

சில செலவுகளை மாற்ற ஒரு விதி போதுமானதாக இருந்திருக்கிறது. மலேசியாவில் உற்பத்தித் துறையின் அயல்நாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு அரசு வாங்கும் லெவி 2016-ல் ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் ஆனது. 2017 முடியும்வரை அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்க முடிந்தது. மாதம் 154 ரிங்கிட். அன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,000 ரிங்கிட்டில் 15.4 விழுக்காடு. 2018 ஜனவரி 1 முதல் முதலாளியே கட்ட வேண்டும் என்று ஆனது. டாப் குளோவின் விற்பனை 2018 நிதியாண்டில் சுமார் 420 கோடி ரிங்கிட், 2019-ல் சுமார் 480 கோடி ரிங்கிட். வேறொரு நிறுவனத்தை வாங்கியதும் இந்த உயர்வில் சேரும். லெவி இடம் மாறியதால் தொழில் சரிந்தது என்று சொல்ல இந்த எண்கள் இடம் தரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட்டைத் தொழிலாளியிடமே விட்டுவைக்க ஆகும் செலவு 0 ரிங்கிட். மலேசியாவின் 1966 பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருப்பதே குற்றம். தங்குமிடத்துக்குச் செலவு உண்டு. கூட்டுத் தங்குமிடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர், அதாவது 32 சதுர அடி, தூங்கும் இடம் தர வேண்டும் என்பது 2020-ல் வந்த விதி. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் பகுதியிலிருந்த டாப் குளோ விடுதிகளில் 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு கொரோனா பரவியது. 28 ஆலைகளைப் படிப்படியாக மூட வேண்டியிருந்தது. நெரிசலில் மிச்சப்படுத்திய இடவாடகைக்கும் 28 ஆலைகள் நின்ற நாட்களின் இழப்புக்கும் இடையே பெரியது எது என்று கேட்கவே வேண்டியதில்லை.

இதே மண்ணில், இதே ரப்பருக்காக, இதே கணக்கு ஒருமுறை போடப்பட்டிருக்கிறது. அப்போது கடனாளி தமிழர். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணி, கப்பல் செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பேரில் எழுதிவைத்து மாதாமாதம் பிடித்தார். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டமாக வந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்த நாள் கணக்குப்படி ஒவ்வொரு தோட்ட முதலாளியும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. தொழிலாளி கடனின்றி இறங்கினார். இலங்கையில் தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறையை நிறுத்த 1921 வரை ஆயிற்று. மலாயாவுக்கும் இலங்கைக்கும் இடையே 14 ஆண்டு.

அந்த நிதியில் இன்றைக்கும் உதவும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆள் கொண்டுவந்த முதலாளி மட்டுமல்ல, கொண்டுவராமல் பக்கத்துத் தோட்டத்து ஆளை இழுத்துக்கொண்டவரும் கட்டினார். நேர்மையாகச் செலவழித்தவர் நஷ்டப்படும் நிலை இதனால் குறைந்தது. தனி நிறுவனத்துக்கு 37 விழுக்காடாகத் தெரியும் சுமை, தொழில் முழுவதும் சேர்ந்து விலையில் ஏற்றினால் 1,000 கையுறைக்கு 36 சென்ட்தான்; வாங்கும் மருத்துவமனைகளும் அதில் ஒரு பங்கை ஏற்கலாம். அந்த நிதியால் தோட்ட வாழ்க்கை நல்லதாகிவிடவில்லை. கூலி குறைவாகவே இருந்தது; 1938-ல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தையே தடை செய்தது. ஆனாலும் பயணக் கடன் என்ற ஒரு பத்தியைத் தொழிலாளியின் கணக்கிலிருந்து முதலாளியின் கணக்குக்கு மாற்ற முடியும் என்பதற்கு 100 ஆண்டுக்கு மேற்பட்ட சான்று அது.

தமிழ்நாட்டின் பஞ்சாலைகளில் கணக்கு எதிர்த்திசையில் ஓடியது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டுக்கு எடுத்து, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய்வரை மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். நடுவாக 40,000 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,111 ரூபாய், நாளுக்கு 37 ரூபாய். இது பரிசு அல்ல, பிடித்துவைத்த கூலி. 34-ஆம் மாதம் உடல்நிலை கெட்டு வீட்டுக்குப் போகும் பெண் விட்டுச்செல்வது 37,774 ரூபாய். வங்கதேசத்துத் தொழிலாளி தான் கொடுக்க வேண்டிய பணத்தால் கட்டப்பட்டார். இந்தப் பெண் தனக்கு வர வேண்டிய பணத்தால் கட்டப்பட்டார். நெதர்லாந்தின் இந்தியக் குழு 2016-ல் 743 பஞ்சாலைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, அவற்றில் 91 விழுக்காட்டில் நவீன அடிமைமுறையின் ஏதேனும் ஒரு வடிவம் இருப்பதாகச் சொன்னது. ஏதேனும் ஒரு வடிவம் என்பது அகலமான வரையறை. 91 விழுக்காடும் ஒரே கடுமை என்று படிக்கக் கூடாது. பாதிக்குப் பாதியாகக் கழித்தாலும் 743-இல் 338 ஆலைகள் மிஞ்சுகின்றன.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேறொரு எண்ணும் உண்டு. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், அதன் கூட்டாளி அமைப்புகள், எச் அண்ட் எம் என்ற வாங்குபவர் ஆகியோர் சேர்ந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. கேப், பிவிஎச் ஆகிய வாங்குபவர்களும் அதில் சேர்ந்தனர். ஈஸ்ட்மேன் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலைச் சரக்குக்கு அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலை 29-ல் தடை விதித்து, செப்டம்பர் 7-ல் விலக்கியது. 40 நாள். டாப் குளோவுக்கு 422 நாள். ஆலையின் அளவும் குற்றச்சாட்டின் தன்மையும் வேறு. நேரடியாக ஒப்பிடுவது முழுச் சரியாகாது. ஆனால் நாச்சி ஆலையில் தொழிலாளர் சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தடைக்கு முன்பே இருந்தது.

நவீன அடிமைமுறை பற்றி நிறுவனங்களைக் கேட்கும் சட்டங்களின் வரம்புகள் இவை. பிரிட்டனின் 2015 சட்டம் ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்ட் விற்பனை உள்ள நிறுவனங்களை அறிக்கை வெளியிடச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் 2018 சட்டத்துக்கு வரம்பு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர். அறிக்கை தராத நிறுவனத்துக்கு இரண்டு சட்டமும் நேரடியாக வைத்த அபராதம் பூஜ்யம். ஆஸ்திரேலியச் சட்டத்தை 2023-ல் மறுஆய்வு செய்தபோது, அதன் தொடக்க ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவர்களின் வாழ்வில் பொருளுள்ள மாற்றம் வந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று அறிக்கை சொன்னது. வரம்பை 5 கோடியாகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. ஜெர்மனியின் சட்டம் 40 கோடி யூரோவுக்கு மேல் விற்கும் நிறுவனத்துக்கு உலக விற்பனையில் 2 விழுக்காடுவரை அபராதம் விதிக்க இடம் தந்தது. 40 கோடியில் 2 விழுக்காடு 80 லட்சம் யூரோ. 80 லட்சத்துக்கு ஒரு நிர்வாகக் குழு நேரம் ஒதுக்கும்.

இந்திய விதியில் உள்ள ஓர் எண்ணை நம் நிறுவனங்களும் நம் ஆட்களை எடுக்கும் நிறுவனங்களும் கவனிக்க வேண்டும். பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வெளிநாடு போகும் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 5,400 ரூபாயும் வாங்கலாம். மொத்தம் 35,400 ரூபாய். சட்டப்படியான பணம், ரசீதும் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் நெறிப்படி தொழிலாளி கொடுக்க வேண்டியது 0. ஆக மலேசிய ஆலை ஒன்று தன் தொழிலாளி எதுவும் கொடுக்கவில்லை என்று வாங்குபவரிடம் எழுதிக் கொடுக்கும்போது, இந்தியச் சட்டத்தை ஒரு விதியும் மீறாத முகவரின் ரசீது அதைப் பொய்யாக்கலாம். 500 பேரை எடுத்தால் 1 கோடியே 77 லட்சம் ரூபாய். ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் வீதம் 8,85,000 ரிங்கிட். இது ரசீது உள்ள பகுதி மட்டும். ஊரில் ஏஜென்டின் ஆளிடம் கையில் கொடுத்தது எவ்வளவு என்று, ஆள் வந்து இறங்கிய முதல் வாரத்தில், மேற்பார்வையாளர் இல்லாத அறையில், அவருடைய மொழியிலேயே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். டாப் குளோவில் 5.3 கோடி 13.6 கோடியானது வெளி ஆய்வு நிறுவனம் கணக்கிட்ட பிறகுதான்.